ஆன்டிபயாடிக் முடிந்த நாலாம் நாள்

பள்ளத்தூரில் எங்கள் வீட்டு முகப்பில் இருந்து கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் பட்டாலையைத் தாண்டி, வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டு, அடுப்படி, கிணற்றடி எல்லாம் தாண்டிப் போக வேண்டும். செட்டிநாட்டு வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும், ஒரு தெருவில் வாசல் இருந்தால் அடுத்த தெருவில்தான் கொல்லைக்கதவு இருக்கும். 72 வயதில் என் ஆத்தா, அதாவது அம்மா, அந்தத் தூரத்தை ஒரே இரவில் 14 தடவை போய்வந்திருக்கிறார்கள், யாரையும் எழுப்பாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு.

எனக்குக் காலையில்தான் தெரியும். நான் இருப்பது காரைக்குடியில். வீட்டு வேலைக்கு வரும் அக்கா போன் பண்ணி, "ஆச்சி இரண்டாங்கட்டுத் தூணுல சாஞ்சு உக்காந்திருக்காக, எந்திரிக்க முடியலைங்கிறாக, நாக்கெல்லாம் வறண்டு கெடக்கு" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அதற்கு முந்தைய நாலு மாதத்தில் என்ன நடந்தது என்பதைச் சொன்னால்தான் மீதி புரியும். கார்த்திகையில் ஆத்தாவுக்குச் சளி, இருமல். மெடிக்கலில் சொல்லி அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் 3 மாத்திரை. தை மாதம் திரும்பவும் சளி, திரும்பவும் அதே மாத்திரை. பழைய அட்டையைக் காட்டினால் போதும், சீட்டு கேட்கமாட்டார்கள். மாசியில் சிறுநீர்த் தொற்று வந்து குளிர்காய்ச்சலில் நடுங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, 5 நாள் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி போட்டு, வீட்டுக்கு வரும்போது சிப்ரோஃப்ளாக்ஸசின் 5 நாளைக்கு எழுதிக்கொடுத்தார்கள், இரண்டும் ஆன்டிபயாடிக்தான். இந்தக் கடைசி வைத்தியத்தை நான் குறை சொல்லமாட்டேன், அது இல்லை என்றால் தொற்று ரத்தத்தில் பரவி ஆத்தாவை இழந்திருப்போம். ஆனால் சளிக்குச் சாப்பிட்ட இரண்டு தடவையும் முழுக்க வீண். சாதாரணச் சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது, வயிற்றில் இருக்கும் பாக்டீரியாக்களைத்தான் போய் அடிக்கும். இது போதாது என்று ஏழெட்டு வருஷமாக தினமும் காலையில் வெறும் வயிற்றில், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பாண்டோபிரசோல் மாத்திரை வேறு. அதை முதலில் யார் எழுதிக்கொடுத்தார்கள், எதற்காக எழுதினார்கள் என்று வீட்டில் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.

சிப்ரோஃப்ளாக்ஸசின் முடிந்த நாலாம் நாள் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. "பணியாரம் ஒத்துக்கலை போல" என்றார்கள் ஆத்தா. நான் மெடிக்கலுக்குப் போய், வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையும், கடைக்காரர் தானாகவே எடுத்துக்கொடுத்த இன்னொரு ஆன்டிபயாடிக் கலவையும் வாங்கி வந்து கொடுத்தேன். நான் செய்த தப்பு இது, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். ஒரு நாள் போக்கு நின்ற மாதிரி இருந்தது, ஆனால் வயிறு உப்பிக்கொண்டு தொட்டாலே வலி. மறுநாள் ராத்திரிதான் அந்த 14 தடவை.

மதுரைக்குக் கூட்டிப் போனோம். அங்கே பார்த்த குடல் மருத்துவர் நாடியைப் பிடித்துக்கொண்டே கேட்ட முதல் கேள்வி, "கடந்த மூணு மாசத்துல என்னென்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டாங்க?" என்பதுதான். நல்லவேளை, வீட்டில் இருந்த மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். மேசையில் கொட்டினேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்தார், மலப் பரிசோதனைக்கு எழுதினார், லோபெரமைடை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். சில தொற்றுகளில் போக்கை அடைத்து நிறுத்தினால் விஷம் உள்ளேயே தங்கிக் குடல் வீங்கிப்போகும் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். வயிற்றுப்போக்கோடு காய்ச்சலோ, ரத்தமோ, வயிறு உப்பி வலியோ இருந்தால், அல்லது சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால், நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

முடிவு வந்தது. க்ளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசைல் என்ற பாக்டீரியா. மருத்துவர்கள் சுருக்கமாக சி.டிஃப் என்கிறார்கள்.

நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்று 2016-இல் வெளிவந்த ஒரு கணக்கு சொல்கிறது, நம் சொந்த செல்கள் ஏறக்குறைய 30 லட்சம் கோடி. (மனித செல்லைவிடப் பாக்டீரியா பத்து மடங்கு என்று இன்னும் பல இடங்களில் எழுதுகிறார்கள், அது பழைய மதிப்பீடு.) எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டால் கால் கிலோகூட வராது, அதில் பெரும்பகுதி இருப்பது பெருங்குடலில். அவை அங்கே சும்மா இல்லை. நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தைத் தின்று பியூட்டிரேட் என்ற ஒரு அமிலத்தைத் தருகின்றன, பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான உணவே அதுதான். வைட்டமின் கே கொஞ்சம் தயாரிக்கின்றன. எதை எதிர்க்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று நோய் எதிர்ப்பு மண்டலம் பழகுவதே பெரும்பாலும் இவற்றோடுதான். இதற்கெல்லாம் மேலாக, புதிதாக வரும் கெட்ட கிருமிக்கு அவை இடம் கொடுப்பதில்லை.

அந்த மருத்துவர் விளக்கியதை நான் எங்கள் ஊரை வைத்துப் புரிந்துகொண்டேன். எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆள் இருக்கும் வீட்டிலும் அரச விதை விழத்தான் செய்யும், ஆனால் முளைத்ததும் யாராவது பார்த்துப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டில் அதே விதை சுவர் வெடிப்பில் வேர் விட்டு, பத்து வருஷத்தில் தூணையே சாய்த்துவிடும், உள்ளே வௌவால் குடியேறிவிடும். சி.டிஃப் அந்த அரச விதை மாதிரி. சில பேர் குடலில் அது ஏற்கனவே தூங்கிக்கொண்டிருக்கலாம், ஆஸ்பத்திரியில் இருந்து வித்தாக, அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவத்தில், ஒட்டிக்கொண்டும் வரலாம். நல்ல பாக்டீரியாக்கள் பித்த அமிலங்களை மாற்றி, அந்த வித்து வளர முடியாத சூழலை வைத்திருக்கின்றன. ஆன்டிபயாடிக் போய் வீட்டைக் காலி பண்ணியதும் மாறாத பித்த அமிலம் அப்படியே குடலில் நிற்கும், வித்து முளைப்பதற்கு அதுவே தூண்டுதலாகிவிடும். முளைத்து, பெருகி, விஷத்தைச் சுரந்து குடல் சுவரைப் புண்ணாக்கும். வயதானவர்கள், ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்கள், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தொடர்ந்து போடுகிறவர்கள் இவர்களுக்கெல்லாம் ஆபத்து அதிகம். ஆத்தாவுக்கு மூன்றுமே இருந்தது.

வைத்தியம் வான்கோமைசின், 125 மில்லிகிராம், நாளைக்கு நாலு வேளை, 10 நாள். அதுவும் ஆன்டிபயாடிக்தானே என்று நானும் கேட்டேன். வாய் வழியாகக் கொடுத்தால் அது ரத்தத்தில் அவ்வளவாகச் சேராது, குடலுக்குள்ளேயே நின்று வேலை செய்யும், ரத்தக்குழாயில் ஊசியாகப் போட்டால் இந்த நோய்க்குப் பிரயோஜனமே இல்லை என்றார்கள். நாங்கள் இருந்த இடத்தில் மாத்திரை வடிவத்தில் கிடைக்காமல், ஊசி மருந்துக் குப்பியை உடைத்துக் கரைத்து நர்ஸ் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். "ஊசி மருந்தக் குடிக்கச் சொல்றாகளே, சரியாத்தான் கொடுக்குறாகளா, கேட்டியாத்தா?" என்று ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்டேன், சரிதான் என்று தெரிந்த பிறகுதான் குடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கட்டிலை இரண்டாம் கட்டுக்கு மாற்றி, பக்கத்திலேயே ஒரு கமோடு நாற்காலி வாங்கிப் போட்டேன். பெரிய வீட்டில் வயதானவர்களை வைத்திருக்கிறவர்கள் இதை நோய் வருவதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள்.

கை கழுவுவதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. கொரோனா காலத்தில் பழகிய சானிடைசர் பாட்டிலை ஆத்தா கட்டிலுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்தோம். சி.டிஃப் வித்துக்கு ஆல்கஹால் ஒன்றும் செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான், தேய்த்துக் கழுவி வித்தைக் கையில் இருந்து அகற்ற வேண்டும். தரைக்குச் சாதாரண ஃபினாயில் போதாது, குளோரின் உள்ள ப்ளீச்சிங் கரைசல் வேண்டும். கழிப்பறை சிமென்ட் தரைக்கு அதைப் போட்டோம், ஆனால் இரண்டாம் கட்டில் ஆத்தங்குடிக் கல், வண்ணம் போய்விடுமே என்று எனக்கு மனசில்லை. கமோடைச் சுற்றிப் பெரிய ரெக்ஸின் விரித்து அதை மட்டும் தினமும் ப்ளீச்சிங் போட்டுத் துடைத்தோம். துணியைத் தனியாகச் சுடுதண்ணீரில் அலசினோம். வேலைக்கு வரும் அக்காவுக்குக் கையுறை வாங்கிக் கொடுத்து, எதற்காக என்பதையும் உட்கார்ந்து சொன்னேன், காரணம் தெரியாமல் யாரும் இதை ஒழுங்காகச் செய்யமாட்டார்கள்.

உப்புச்சர்க்கரைக் கரைசல் பற்றியும் ஒரு வார்த்தை. 1971-இல் வங்க தேசப் போரில் பங்கான் அகதி முகாமுக்கு வந்தவர்கள் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது, ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துபோய், திலீப் மகாலனபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார், 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அந்தப் பொட்டலம் இன்றைக்கு எல்லா மெடிக்கலிலும் கிடைக்கிறது. 1 லிட்டர் பொட்டலத்தை முழுசாக 1 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும், டம்ளரில் கொஞ்சம் தூவிக் குடிப்பது தப்பு. பொட்டலம் இல்லை என்றால் 1 லிட்டருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. அன்று ராத்திரி இதை மட்டும் ஆத்தா குடித்துக்கொண்டே இருந்திருந்தால் நாக்கு அப்படி வறண்டிருக்காது.

10 நாளில் சரியானது. இரண்டு வாரம் கழித்து திரும்ப வந்தது. இந்த நோய் அப்படித்தானாம், முதல் தடவை குணமானவர்களில் ஏறக்குறைய நாலு அல்லது ஐந்து பேரில் ஒருவருக்குத் திரும்பும், ஏனென்றால் மருந்து கிருமியைக் கொன்றாலும் குடலில் பழைய குடித்தனம் இன்னும் திரும்பி வந்திருக்காது. இரண்டாம் தடவை வான்கோமைசினைப் படிப்படியாகக் குறைத்துப் பல வாரம் கொடுத்தார்கள். அப்போது மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். இன்னும் ஒரு தடவை வந்தால், ஆரோக்கியமான ஒருவருடைய மலத்தைப் பரிசோதித்துச் சுத்தப்படுத்திக் கரைத்து, குடலுக்குள் செலுத்தும் சிகிச்சைக்குப் போகலாம் என்று. எனக்கு முகம் சுளித்தது. வீட்டுக்கு வந்து படித்தேன். 2013-இல் ஆம்ஸ்டர்டாமில் செய்த சோதனையில், திரும்பத் திரும்ப இந்த நோய் வந்த 16 பேருக்கு அப்படிக் கொடுத்ததில் 13 பேருக்கு ஒரே தடவையில் குணமாகியிருக்கிறது, வான்கோமைசின் மட்டும் கொடுத்த 13 பேரில் 4 பேருக்குத்தான். முடிவு அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். குடலில் எந்தெந்த உயிர்கள் குடியிருக்கின்றன என்பது உயிர் போகிற, பிழைக்கிற விஷயம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆத்தாவுக்கு அந்தச் சிகிச்சை வரை போக வேண்டிய தேவை வரவில்லை.

பாண்டோபிரசோலையும் மருத்துவரைக் கேட்டே மெல்லக் குறைத்து நிறுத்தினோம். நீங்களாக நிறுத்தாதீர்கள், சிலருக்கு அது உண்மையிலேயே தேவை. ஆனால் எதற்காகச் சாப்பிடுகிறோம் என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேளுங்கள்.

அப்புறம் சாப்பாடு. எல்லாரும் கேட்பது இதைத்தான்.

கடையில் நல்ல பாக்டீரியா என்று விற்கும் கேப்சூலை ஆளாளுக்கு வாங்கச் சொன்னார்கள். 2018-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் செய்த ஒரு சின்ன ஆய்வில், ஆன்டிபயாடிக் முடித்தவர்களில் இப்படிக் கேப்சூல் சாப்பிட்டவர்களுக்கு, சும்மா விட்டவர்களைவிடத் தாமதமாகத்தான் பழைய குடல் உயிர்கள் திரும்பின. 21 பேரை வைத்துச் செய்தது, அதையே முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது, ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாட்களில் சில வகைகள் வயிற்றுப்போக்கைக் குறைக்கும் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. எங்கள் மருத்துவர் வேண்டாம் என்றார், விட்டுவிட்டோம். நோய் எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு அதில் ஆபத்தே இருக்கிறது, அவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

முதல் சில வாரம் கஞ்சி, குழைந்த சோறு, மோர், ரசம், வாழைப்பழம். குடல் புண்ணாக இருக்கும்போது சுண்டலும் கீரையும் திணித்தால் வலிதான் மிஞ்சும். போக்கு நின்று ஒரு மாதம் ஆன பிறகுதான் ஒவ்வொன்றாகச் சேர்த்தோம்: பாசிப்பயறு, அவரைக்காய், வாழைத்தண்டு, முருங்கைக்கீரை. வெண்டைக்காய் மண்டியும் வைத்தோம், அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து, பூண்டும் சின்ன வெங்காயமும் நிறையப் போட்டு. வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கும் இனுலின் போன்ற நார்ச்சத்து குடல் பாக்டீரியாக்களுக்கு நல்ல தீனி. கவுனி அரிசி நம் ஊரில் விசேஷத்துக்குச் சர்க்கரையும் தேங்காயும் போட்டு இனிப்பாகத்தான் செய்வோம், நான் தவிட்டோடு இருக்கும் அந்தக் கறுப்பு அரிசியை ராத்திரி ஊறவைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுத்தேன், உப்புப் போட்டு. ஆத்தாவுக்கு முதலில் பிடிக்கவில்லை, "கவுனியில யாராவது உப்புப் போடுவாகளா" என்றார்கள், இப்போது பழகிவிட்டது.

இட்லி, தோசை பற்றி ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. மாவு பொங்குவது பாக்டீரியாவால்தான், ஆனால் இட்லிப் பானையின் ஆவியில் அவை செத்துப்போகும். இட்லி சுலபமாகச் செரிக்கும், நல்ல உணவு, சந்தேகம் இல்லை, ஆனால் உயிருள்ள பாக்டீரியா வேண்டும் என்றால் அடுப்பில் ஏறாத புளித்த உணவுதான், அதாவது தயிர், மோர், பழையது. 2021-இல் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை வைத்துச் செய்த ஆய்வில், 10 வாரம் தயிர் மாதிரியான புளித்த உணவுகளை நிறையச் சாப்பிட்டவர்களுக்குக் குடல் உயிர்களின் வகை கூடியது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் பல புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்தை மட்டும் கூட்டியவர்களுக்கு அந்த 10 வாரத்தில் வகை கூடவில்லை. இரண்டும் சேர்ந்து இருப்பதுதான் நல்லது என்று நான் நினைக்கிறேன்.

பழையதை நாங்கள் கடைசியாகத்தான் சேர்த்தோம், மருத்துவர் சரி என்ற பிறகு. அப்பத்தா காலத்து மண்கலயம் ஒன்று மேல்தட்டில் கிடந்தது, அதைக் கழுவி இரண்டு நாள் வெயிலில் வைத்தேன். ராத்திரி சோறு நன்றாக ஆறியதும் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை, சோறு முழுகி இரண்டு விரல்கடை மேலே நிற்கிற மாதிரி ஊற்றி மூடி வைப்பேன். காலையில் திறந்தால் தண்ணீர் லேசாக வெளுத்துக் கலங்கி, கலய ஓரத்தில் கடுகு அளவுகூட இல்லாத குமிழ்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கினால் வெண்ணெய் மாதிரி பரவும், மோர் வாடை அடிக்கும். அந்த வாடை இல்லாமல் வழவழவென்று நூல் பிடித்தாலோ, நாற்றம் அடித்தாலோ அப்படியே மாட்டுக்குத் தொட்டியில் ஊற்றாமல் குழியில் கொட்டிவிடுவேன். ஒரு ராத்திரி தாண்டியதைக் கொடுப்பதில்லை. தண்ணீர் ஊற்றாமல் வெளியில் வைத்த சோறு வேறு கதை, அதில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வளர்ந்து, சூடு பண்ணினாலும் போகாத விஷத்தை விட்டு வாந்தி எடுக்க வைக்கும். ஆறிய சோற்றில் மாவுச்சத்தில் ஒரு பகுதி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும் வடிவத்துக்கு மாறும், அதுவும் பாக்டீரியாக்களுக்குத் தீனிதான். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றைக் குடல் நோயாளிகளுக்குக் கொடுத்து ஆய்வே செய்திருக்கிறார்கள். ஆனாலும் பழையது எல்லா நோயையும் தீர்க்கும் என்று வரும் செய்திகளை நம்பாதீர்கள், ஆத்தாவைக் காப்பாற்றியது வான்கோமைசின், பழையது பிறகு வந்தது.

இதையெல்லாம் படிக்கும்போது அப்பச்சி, அதாவது என் அப்பா நினைவுதான் எனக்கு அதிகம் வந்தது. வாழ்நாள் முழுக்க வயிற்றுப்புண். காரம்தான் காரணம், கவலைதான் காரணம் என்று சொல்லிச் சொல்லி, செட்டிநாட்டில் பிறந்தும் ஒரு கோழி ரசம் வாய்க்கு ருசியாகச் சாப்பிடாமல், பால் சோறும் ஜெலுசிலுமாகவே இருந்தார்கள். பெரும்பாலான வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா என்பதை ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தைச் சேர்ந்த பேரி மார்ஷலும் ராபின் வாரனும் கண்டுபிடித்தார்கள், யாரும் நம்பாததால் 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து வயிற்று அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்தக் கிருமியை ஒழிக்க ஆன்டிபயாடிக்தான் வேண்டும், இரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலும் போய்விடும். அப்பச்சிக்கு ஒரு தடவைகூட அந்தப் பரிசோதனை செய்யவில்லை. ஆத்தாவுக்கு வேண்டாத ஆன்டிபயாடிக்கை வேண்டிய மட்டும் கொடுத்தோம், அப்பச்சிக்கு வேண்டியதைக் கொடுக்கவே இல்லை.

இப்போது வீட்டில் எந்த மாத்திரை வந்தாலும் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி, நெடுக்காகச் சிவப்புக்கோடு இருக்கிறதா என்று பார்க்கிறேன். 2016-இல் இருந்து, மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத ஆன்டிபயாடிக் என்பதற்கு அரசு பரப்பிய அடையாளம் அது. மருத்துவரே எழுதினாலும் மூன்று கேள்வி கேட்கிறேன்: இது பாக்டீரியாத் தொற்றுதானா, எத்தனை நாள், வயிற்றுப்போக்கு வந்தால் யாரைக் கூப்பிடுவது. இதுவரை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. எழுதியது அவசியம் என்று தெரிந்தால் அதை விடாமல் சொன்னபடி சாப்பிட வேண்டும், பயந்துகொண்டு பாதியில் நிறுத்துவதும் தப்பு.

ஆத்தாவின் சுருக்குப்பையில் ஒரு சீட்டு இருக்கிறது. எந்த மாதம் எந்த ஆன்டிபயாடிக், சி.டிஃப் வந்த தேதி, திரும்பி வந்த தேதி, மதுரை மருத்துவரின் போன் நம்பர், அவ்வளவுதான். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். போன ஆவணியில் ஒரு கடவாய்ப் பல் வீங்கிவிட்டது என்று காரைக்குடியில் பல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் பார்த்துவிட்டு மருந்துச்சீட்டில் க்ளிண்டாமைசின் என்று எழுத ஆரம்பித்தார், சி.டிஃப் வருவதற்கு அதிக வாய்ப்புள்ள மருந்துகளில் அதுவும் ஒன்று. நான் வாயைத் திறப்பதற்குள் ஆத்தா சுருக்குப்பையை அவிழ்த்து அந்தச் சீட்டை மேசையில் வைத்தார்கள். அவர் படித்தார், எழுதியதை அடித்தார், மதுரைக்குப் போன் போட்டு இரண்டு நிமிஷம் பேசினார். அப்புறம் பல்லைத் திறந்து சீழை வடித்துவிட்டு, காய்ச்சல் இல்லை, வீக்கம் பரவவில்லை, இப்போதைக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம், மூன்று நாளில் வந்து காட்டுங்கள் என்றார். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்திருந்தது. ஆத்தா சீட்டை மடித்து மறுபடி பைக்குள் வைத்துச் சுருக்கை இழுத்துக் கட்டினார்கள்.